மொழி வகுப்புக்குச் செயலியும் கருவியும் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருவிகளோடு புதிதாக வகுப்புக்குள் நுழையும் மொழி ஆசிரியர்கள், முன்னே போனவர்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். சார்ஜ் போட மறப்பது, கடவுச்சொல்லைத் தொலைப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். பட்டும் தெரியாமல் போகிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலியை அப்படியே நம்புவது

திரையில் 87 என்று வருகிறது. எந்த ஒலி பிசகியது, நாக்கு எங்கே போயிருக்க வேண்டும் என்பதில் எதையும் அந்த எண் சொல்வதில்லை. ஆனாலும் இதற்குத்தான் முதலில் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள்.

இந்தச் செயலிகள் பலவற்றின் அடியில் இருப்பது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள். பேசியவர் என்ன சொல்ல வந்தார் என்று ஊகிப்பதே அதன் வேலை. ஒலி தெளிவில்லை என்றால் பக்கத்துச் சொற்களைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். மாணவர் 'மலை பெய்கிறது' என்றாலும் 'மழை பெய்கிறது' என்று எழுதிவிடக்கூடும். கடிதம் எழுத உதவும் இந்தக் குணம், உச்சரிப்புப் பயிற்சியைக் கெடுத்துவிடும். வராத ழகரத்துக்குப் பச்சைக் குறி விழுகிறது. மாணவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி உறுதியாக்கிக்கொள்கிறார். பிறகு ஆசிரியர் திருத்தப் போனால், "செயலி சரின்னு சொல்லிச்சே!"

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். குழந்தைகளின் குரல்வழி சிறியது, சுருதி உயர்ந்தது. பெரியவர்கள் குரலில் பழக்கிய மென்பொருள் அங்கே தடுமாறும். கூடவே 30 பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் வேறு. சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சிவப்பு வந்தால், அது சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துக் கத்தத் தொடங்கும். இயல்பான பேச்சு அதோடு போயிற்று.

கொடுத்த வாக்கியத்தோடு குரலைப் பொருத்தி, ஒலி ஒலியாக மதிப்பிடும் செயலிகள் இதைவிட மேல். எதுவானாலும் பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள்: மலை–மழை, பல்லி–பள்ளி, மனம்–மணம் போல ஓர் ஒலியில் மட்டும் மாறும் 10 இணைகளை எடுத்து, இணைக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். மொழி நன்றாகத் தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றையும் ஒருமுறை சரியாகவும், ஒருமுறை வேண்டுமென்றே ஒலியை மாற்றியும் சொல்லட்டும். அதே 20 பதிவுகளையும் வகுப்பு இரைச்சலில் மறுபடி செய்யுங்கள். பிசகாகச் சொன்ன பத்தில் மூன்றுக்கு மேல் 'சரி' என்றால் வாங்காதீர்கள்.

கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவு வசதியே பெரும்பாலும் போதும். மாதிரி வாக்கியங்களைக் கேட்பது, 30 வினாடி பதிவது, தானே கேட்டு ஓர் இடத்தைக் குறிப்பது, மறுபடி பதிவது. இரண்டாவது பதிவை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். 36 பேர் என்றால் மொத்தம் 18 நிமிடம். நாளுக்கு 6 பேர் வீதம் கேட்டால் நாளுக்கு 3 நிமிடம்தான், ஆறு நாளில் வகுப்பே முடிந்துவிடும்.

புளூடூத் ஹெட்செட்டில் கேட்டல் பயிற்சி

பழைய புளூடூத் ஹெட்செட்டுகளில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ 3400 ஹெர்ட்சுக்கு மேலுள்ளது வெட்டுப்படும். ஸகரத்தின் சீறல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேல்தான் இருக்கிறது. ஸ, ஃப இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். பாவம், மாணவருக்குக் காது மந்தம் என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடுவார். கேட்டுப் பேசும் பயிற்சிக்கு வயர் உள்ள ஹெட்செட் வாங்குங்கள். மைக் வாய்க்கு நேராக இல்லாமல், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். நேராக வைத்தால் பகரம் வரும்போதெல்லாம் காற்று இடிக்கும்.

தொடுதிரைப் பலகை

ஒருவர் தொடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

வேகப் போட்டி வினாடி வினா

நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டுவது, சொல்லைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறதா என்பதைத்தான் சோதிக்கும். பேசும்போது நான்கு விடைகள் கண்முன் வந்து நிற்காது. முதல் நாள் தட்டட்டும். மூன்றாம் நாள் அதே சொற்களை விடைப்பட்டியல் இல்லாமல் தட்டச்சிடச் சொல்லுங்கள். கடிகாரத்தை நிறுத்திவிடுங்கள். அது மெதுவாக வாசிப்பவரைத்தான் தண்டிக்கிறது.

பழைய எழுத்துரு

யூனிகோடு (கருவிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பாடக்குறிப்பைச் செயலியில் ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே எடுக்க முடியாத சொற்பட்டியல்

சந்தா முடிந்ததும் நீங்கள் சேர்த்த சொற்களும் பூட்டப்பட்டுவிடலாம். 5 சொற்களை உள்ளிட்டு, அவற்றை சிஎஸ்வி கோப்பாக (வேறு மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) இறக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். முடியவில்லை என்றால் ஆறாவது சொல்லை உள்ளிட வேண்டாம்.