முழுநேர வேலையில் இருந்துகொண்டே முதல் நாவலை எழுதி முடிக்கும் முறை

சில சிறுகதைகளை எழுதிப் பார்த்துவிட்டு, அடுத்து நாவல் எழுத வேண்டும் என்ற விருப்பத்தோடு அலுவலகம் போய்வந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதையமைப்பு, பாத்திரப் படைப்பு ஆகியவற்றுக்குள் நான் போகவில்லை. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே என் முதல் நாவலை எழுதி முடித்தேன். நேரம் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது, நாள் முழுவதும் அலுவலகக் கணக்குகளில் கிடந்த மனத்தை மறுபடி நாவலுக்குள் கொண்டுவருவதுதான் என்று அப்போது எனக்கு உறுதிப்பட்டது. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்தச் சிக்கலைக் குறைப்பதற்காகவே.

படி 1: அளவை முடிவு செய்யுங்கள்

நாளுக்கு 250 சொற்கள், வாரத்துக்கு 5 நாட்கள் போதும். ஆண்டில் 4 வாரங்களைத் திருமணம், திருவிழா, ஆண்டுக் கணக்கு முடிப்பு ஆகியவற்றுக்கு விட்டுக்கொடுத்தாலும் மீதமுள்ள 48 வாரங்களில் 60,000 சொற்கள் சேரும். நாவல்கள் வழக்கமாக அச்சாகும் டெம்மி அளவு நூலில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 சொற்கள் என்று வைத்துக்கொண்டால் இது ஏறத்தாழ 270 பக்கங்கள். முதல் நாவலுக்கு இது தாராளம். முக்கால் மணி நேரம் இதற்குப் போதுமானது. விடியற்காலையா, இரவா என்பது உங்கள் உடம்பைப் பொறுத்தது. ஆனால் அது நாள்தோறும் ஒரே வேளையாக இருப்பது நல்லது.

படி 2: நாவலுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்

முழுநேர எழுத்தாளர் சில மாதங்களில் முடிப்பதை நாம் ஓரிரு ஆண்டுகள் எழுதுகிறோம். அதற்குள் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியது மறந்துபோகும். ஆகவே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறந்த ஆண்டு, ஊர், படிப்பு, தொழில் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தமிழ் நாவலுக்கு இவற்றைவிட முக்கியமான ஒரு பட்டியல் உண்டு: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது. அம்மாவின் தங்கையை ஒரு குடும்பத்தில் சித்தி என்பார்கள், இன்னொன்றில் சின்னம்மா என்பார்கள். கணவனை நீங்கள் என்று அழைக்கும் பெண் இருபது அத்தியாயங்களுக்குப் பிறகு காரணமில்லாமல் நீ என்று அழைத்துவிட்டால், கதை நடக்கும் பகுதியைச் சேர்ந்த வாசகர் உடனே கண்டுகொள்வார். அதன் பிறகு கதையின் மேல் அவருக்கு நம்பிக்கை குறையும்.

படி 3: தட்டச்சு

எந்தக் கணினியிலும் கைபேசியிலும் படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் மட்டுமே எழுதுங்கள். விசைப்பலகையில் தமிழ்99 முறையையே நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் அது தனி மென்பொருள் இல்லாமலே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் செல்லினம் செயலியில் உண்டு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதாலும், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுவதாலும், வேகம் இயல்பாகக் கூடுகிறது. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல்களில் ‘அம்மா’ வந்துவிடும். ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தட்டுவதற்குப் பழகியவர்களுக்கு முதல் சில வாரங்கள் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு முழு நாவலைத் தட்டச்சு செய்யப்போகிறவருக்கு அந்த உழைப்பு வீண்போகாது. குரல்வழித் தட்டச்சை நான் விரும்புவதில்லை. வட்டார வழக்கில் அமைந்த உரையாடலை அது பொது வழக்குக்கு மாற்றிவிடுகிறது. திருத்தவே நேரம் போய்விடும். கோப்பு இணையச் சேமிப்பில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

படி 4: மறுநாளுக்கான குறிப்பு

என்னை நெடுநாள் தடுத்து நிறுத்திய இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை பணியாற்றியவர். விடியற்காலை 5.30 மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியதாகத் தன் சுயசரிதையில் கூறுகிறார். இந்தக் கணக்கைப் பலரும் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும்: அவருக்கு இருந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே போனது. மூன்று மணி நேரம் உள்ளவர் அரை மணியைத் தரலாம். முக்கால் மணி நேரமே உள்ள நாம் அதைச் செய்தால் எழுதுவதற்குக் கால் மணிதான் மிஞ்சும். படித்ததைத் திருத்தவும் தொடங்கிவிட்டால் அதுவும் போய்விடும்.

அந்த அரை மணி நேர வேலையை முந்தைய நாளின் கடைசி ஐந்து நிமிடங்களிலேயே செய்து வைத்துவிடுவதுதான் இதற்கு வழி. எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, காட்சி முடிவதற்கு முன்பாகவே நிறுத்திவிடுங்கள். பிறகு கோப்பின் அடியில் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: இப்போது காட்சியில் யார் யார் எங்கே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் மற்றவரிடமிருந்து எதை மறைக்கிறார் அல்லது எதை எதிர்பார்க்கிறார், அடுத்துப் பேசப்படும் வாக்கியம் எது. மூன்றாவதுதான் உயிரானது. ‘நாளை பாகப்பிரிவினைச் சண்டையை எழுத வேண்டும்’ என்று குறித்தால் மறுநாள் அது ஒரு சுமையாகவே நிற்கும். ‘பெரியவர் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு, “கெணத்துப் பங்கு யாருக்குன்னு இதுல இல்லியே” என்கிறார்’ என்று குறித்தால், அதைப் படித்த கணமே அதற்குத் தம்பி சொல்லும் பதில் மனத்தில் எழுந்துவிடும்.

இந்தக் குறிப்பைக் கைபேசிக்கும் அனுப்பி வைத்து, மாலையில் மின்சார ரயிலில் திரும்பும்போது ஒருமுறை படித்துக்கொள்வேன். அப்போது எதையும் எழுத வேண்டியதில்லை. தாம்பரம் வருவதற்குள் அலுவலகம் மனத்திலிருந்து சற்றே விலகி, கதையில் வரும் வீட்டுத் திண்ணை கண்முன் வந்திருக்கும்.

படி 5: விடுமுறை நாட்கள்

இழந்த வார நாட்களை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்ட முயலாதீர்கள். அன்று களப்பணி செய்யுங்கள்: கதையில் வரும் தொழிலைச் செய்பவரோடு பேசுங்கள், பழைய செய்தித்தாள் தேவையென்றால் கன்னிமாரா நூலகம் போய்வாருங்கள். வார நாட்களில் தொட முடியாத நீண்ட காட்சி ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் விடுமுறையை ஒதுக்கலாம்.

படி 6: திருத்தம்

முதல் வரைவு முடியும்வரை பின்னால் போய்த் திருத்த வேண்டாம். மாற்ற வேண்டியவற்றைப் பதிவேட்டில் குறித்தால் போதும். முடித்தபின் இரண்டு மாதங்கள் எடுத்து வைத்துவிட்டு, தாளில் அச்சிட்டு, உரக்கப் படித்துத் திருத்துங்கள். கதைக்குள் அலுவலகக் கடித நடை நுழைந்துவிடுவதை வாய்விட்டுப் படிக்கும்போதுதான் காது காட்டிக்கொடுக்கும். ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ போன்றவற்றை நாள் முழுவதும் எழுதுகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 1: ‘விடியற்காலை ஐந்து மணி என் சமையலறை நேரம், உங்கள் முதல் படி எனக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். மிகவும் நியாயமான கேள்வி. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் எழுங்கள் என்று அறிவுரை சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் வீட்டில் வேறொருவர் முழுப் பொறுப்பாக ஏற்க வேண்டும். அதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்த பிறகே எழுதத் தொடங்குவது நல்லது. வீட்டில் உள்ள ஆண்கள் இந்தப் பிற்சேர்க்கையைத் தங்களுக்கானது என்று படிக்க வேண்டுகிறேன்.

பிற்சேர்க்கை 2: மத்திய அரசு ஊழியர்கள் சிலர் முன் அனுமதி தேவையா என்று கேட்டிருந்தார்கள். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 15ஆம் விதி, அலுவலகக் கடமைகளுக்கு இடையூறு இல்லாமல் அவ்வப்போது செய்யும் இலக்கியப் பணியை முன் அனுமதியின்றி மேற்கொள்ள இடம் தருகிறது. நூல் வெளியிடுபவர், அதிலுள்ள கருத்துகள் தம்முடையவை, அரசினுடையவை அல்ல என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது 8ஆம் விதி. மாநில அரசு ஊழியர்களுக்கு விதிகள் தனி. தங்கள் துறையில் கேட்டுக்கொள்ளவும். தனியார் நிறுவன ஊழியர்கள், பணி ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து, வெளிவேலை ஆகியவை பற்றிய பகுதிகளை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். அதில் என்ன இருந்தாலும், நிறுவனம் கொடுத்த மடிக்கணினியிலோ நிறுவன மின்னஞ்சலிலோ நாவலின் ஒரு வரியைக்கூட வைக்காதீர்கள்.