பிரேக் குழாயை வீட்டிலேயே மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பழைய ரப்பர் பிரேக் ஹோஸைக் கழற்றிவிட்டு எஃகுக் கம்பி பின்னிய ஹோஸை மாட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை. சரியான கருவியும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் காரின் மற்ற வேலைகளைப்போல இதை நினைத்துவிடக் கூடாது. பல்பைத் தவறாக மாட்டினால் எரியாது, உடனே தெரிந்துவிடும். பிரேக் குழாயில் செய்த தவறு, மிதியை மெதுவாக மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும் நாளெல்லாம் ஒளிந்தே இருக்கும். யாரோ குறுக்கே ஓடிவந்து, நாம் முழு பலத்தோடு மிதிக்கும் நொடியில் குழாய்க்குள் அழுத்தம் 100 பார் அளவுக்கு எகிறும். டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல நாற்பது மடங்குக்கும் மேல். அந்த நொடியில்தான் தவறு வெளியே வரும்.

முதலில், எதற்காக மாற்றுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பின்னல் ஹோஸ் அழுத்தத்தில் ரப்பரைவிடக் குறைவாக விரியும். அதனால் மிதி காலுக்கு இறுக்கமாகப் படும். வண்டி நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பதில் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புக்குத்தான் பெரிய பங்கு. மிதி மெத்தென்று இருக்கிறது என்பதற்காக ஹோஸ் வாங்கப் போகிறவர், குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, பிரேக் ஆயில் பழையதாகிவிட்டதா என்று முதலில் பார்க்கட்டும்.

பொருள் வாங்கும்போது நடக்கும் தவறுதான் என் கணக்கில் மிக ஆபத்தானது. குழாயைத் துளையில் பிடிக்கும் பிரேக் நட்டுக்கு வெளிப்பக்கம்தான் மரை. அதில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்டது ஒரு வகை. 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டது இன்னொரு வகை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எளிதில் வேறுபாடு தெரியாது. அங்குல நட்டை மில்லிமீட்டர் துளையில் விட்டால் சில சுற்று சுலபமாகவே உள்ளே போகும். அரை மில்லிமீட்டர் மெலிந்தது என்பதால் லேசாக ஆடும்; பிறகு திடீரென்று பிடித்துக்கொள்ளும். இறுகிவிட்டது என்று அங்கே ஏமாறுகிறோம். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. சரியான நட்டு கடைசிச் சுற்றுகள்வரை ஆட்டமில்லாமல் விரலாலேயே உள்ளே போகும். விரலால் போகாததை ஸ்பேனரால் போக வைக்காதீர்கள்.

குழாயின் வாய்க்கும் இதே கவனம் வேண்டும். சிலவற்றில் வாய் இரண்டாக மடிந்து புனல்போல விரிந்திருக்கும், சிலவற்றில் மொட்டுப்போலப் புடைத்திருக்கும். புனல் வாய்க்கு மொட்டு வாயோ, மொட்டு வாய்க்குப் புனல் வாயோ ஒருபோதும் பொருந்தாது. கசிவை அடைப்பது அந்த வாய்தான், மரை அல்ல. அதனால் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. பிய்ந்த துணுக்கு உள்ளே போய் அடைப்பை வேறு உண்டாக்கும். இரும்புக் குழாயையும் மாற்றுவதென்றால் எஃகு, அல்லது சுமார் 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும் கலந்த குழாய் போதும். குளிர்சாதனப் பெட்டிக்கான வெறும் செம்புக் குழாயைக் காரில் மாட்டாதீர்கள். தொடர்ந்த அதிர்வில் அது இறுகி வெடிப்பு விடும். அறுந்த குழாயை வெட்டி, நடுவில் தண்ணீர்க் குழாய் இணைப்பைப்போல வளையம் நெருக்கி ஒட்டுப்போடுவதும் கூடவே கூடாது.

கழற்றும்போது சாதாரணத் திறந்த வாய் ஸ்பேனர் மென்மையான நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பிரேக் நட்டுக்கென்றே, ஐந்து பக்கமும் பிடிக்கும் வெட்டு வளைய ஸ்பேனர் உண்டு. அதை வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டோடு சேர்ந்து இரும்புக் குழாயும் முறுகினால் உடனே நிறுத்துங்கள். காலிப்பரை, அதாவது பிரேக் பேடுகளை வட்டில் அழுத்தும் பாகத்தை, கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

புதிய ஹோஸை மாட்டியதும் பலர் செய்யாமல் விடும் ஒரு சோதனை இருக்கிறது. ரப்பர் ஹோஸ்கள் பலவற்றில் நீளவாக்கில் ஒரு கோடு அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கோடு நேராக ஓடினால் ஹோஸ் முறுக்கமில்லாமல் இருக்கிறது. கொடிபோலச் சுற்றினால் கழற்றி மாட்ட வேண்டும். கோடில்லாத பின்னல் ஹோஸை மாட்டுமுன் நீங்களே பேனாவால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இடது கோடிவரை திருப்பி ஒருமுறை, வலது கோடிவரை திருப்பி ஒருமுறை பாருங்கள். சக்கரம் தொங்கும் நிலையிலும், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையிலும் பாருங்கள். எங்கேயும் ஹோஸ் விண்ணென்று இழுபடக் கூடாது, எதையும் உரசக் கூடாது. எஃகுப் பின்னல் அரம்போன்றது. பக்கத்திலிருக்கும் வயரை, குழாயை, சக்கர விளிம்பை அறுத்துக்கொண்டே இருக்கும்.

காலிப்பரில் ஹோஸைப் பிடிக்கும், ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர்கள் இருக்கும். என் முதல் முயற்சியில் பழைய வாஷர்கள் பளபளவென்று இருந்ததால் அவற்றையே திரும்பப் போட்டேன். அன்று மாலை ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. மறுநாள் காலை சக்கரத்தின் உட்பக்கத்தில் விரல் நுனியளவு ஈரம். ஒருமுறை நசுங்கி இறுகிய செம்பு, இரண்டாம் முறை அதே மென்மையோடு பள்ளங்களில் பதியாது. கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் துளை போல்ட் அறுந்துவிடும். புது வாஷர், காரின் பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் முறுக்கு அளவு, அதைக் காட்டும் டார்க் ஸ்பேனர் மூன்றும் வேண்டும்.

எல்லாரும் பிரேக் ஆயில் என்றாலும் அது எண்ணெய் அல்ல. என்ஜின் ஆயில் சிறிது கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். பாட்டிலில் டாட் என்று போட்டிருப்பது அதன் தர வகை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கக் கூடாது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஆகவே மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மிதியை மிதித்து, குழாய்க்குள் புகுந்த காற்றைப் பழைய ஆயிலோடு வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டரின் மேல் இருக்கும் பிரேக் ஆயில் தொட்டியைக் காலியாக விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்து ஊற்றுங்கள். வற்றினால் காற்று ஏபிஎஸ் பெட்டிவரை, அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்புவரை, போய்விடும். பல கார்களில் கணினிக் கருவியால் அதன் வால்வுகளை இயக்கினால்தான் அது வெளியேறும். பழைய காரில் மிதியைத் தரைவரை அமுக்காதீர்கள். வழக்கமாகப் போகாத பகுதியில் படிந்த அழுக்கு சீலைக் கிழிக்கும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

முடிந்ததும் நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். எல்லா இணைப்புகளையும் உலரத் துடைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் மிதியை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். மிதி மெல்ல அமிழ்ந்தால் எங்கேயோ விட்டுக்கொடுக்கிறது என்று பொருள், வண்டியை நகர்த்த வேண்டாம். அமிழாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பிறகு ஆளில்லாத சமதளத்தில் நடைவேகத்தில் சிலமுறை நிறுத்துங்கள். இரவு அப்படியே விட்டு, காலையில் அதே காகிதத்தோடு இன்னொரு முறை குனியுங்கள்.