சைலன்சரை மாற்றுவதற்கு முன் ஒரு நீண்ட பயணம் போய்ப் பாருங்கள்

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கனமான சத்தம் வேண்டுமென்ற ஆசையில், கோவையில் ஒரு பட்டறையில் பழைய சைலன்சரை அறுத்து அகலக் குழாய் வைத்தேன். தெருவில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரமே சேலம் போனோம். ஐந்தாவது கியரில் என்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 2,500 (ஆர்பிஎம்) தாண்டியதும் காருக்குள் ஒரே சுதியில் இரைச்சல், விடவே இல்லை. பெருந்துறை வருவதற்குள் பின்சீட்டில் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அதனால் முதலில், அதே குழாய் போட்ட காரில் ஒரு மணி நேரமாவது நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள்.

பிக்கப் கூடும் என்பார்கள். சின்ன என்ஜினுக்கு அளவுக்கு மீறி அகலமான குழாய் போட்டால் புகை வெளியேறும் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். மேம்பாலம் ஏற நான் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது.

கேடலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாம் என்று சொன்னால் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் நச்சுப் புகையைத் தணிக்கின்றன. அதை எடுத்தால் செக் என்ஜின் விளக்கு எரியும், புகைப் பரிசோதனையிலும் மாட்டும்.

எனக்குப் பெரிய பயம் வெல்டிங் கசிவுதான். கசியும் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வேலை முடிந்ததும் திறந்தவெளியில், ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவரை ஈரத்துணியால் குழாயின் வாயைச் சில நொடி மூடச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நுரை குமிழியிட்டால் அங்கே கசிகிறது. என் காரில் நடு இணைப்பில் கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. அதே காரில்தானே அம்மாவை உட்காரவைத்து சேலம் வரை போனேன் என்று நினைத்ததும் கை நடுங்கிவிட்டது.

அப்புறம், சட்டம். தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலி, புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறைகூட உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பழைய சைலன்சரை அறுக்க விடாதீர்கள், பட்டறையிலேயே விட்டும் வராதீர்கள். நான் விட்டு வந்துவிட்டேன். மறுபடி ஒரிஜினலுக்கு மாற, முழு சைலன்சரையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.