கஷ்ட காலத்தில் விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது?

வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போதோ, கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போதோ "விசுவாசத்தில் உறுதியாய் இரு" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள், எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். கலக்கமே வராமல் இருக்க வழி கிடையாது. ஆனால் கலங்கிப்போனாலும் ஆண்டவரோடு பேச்சை நிறுத்தாமல் இருக்க வழி உண்டு, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, மனதில் இருப்பதை அவரிடமே கொட்டுவது. ஸ்தோத்திரம் வாயில் வரவில்லை என்றால் வலுக்கட்டாயமாக வரவழைக்க வேண்டாம். வேதத்தில் சங்கீதப் புத்தகத்தின் 13ஆம் சங்கீதத்தை எடுத்துச் சத்தமாக வாசியுங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமை, கடைசி வரி வரைக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது, அப்படியே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! சொத்து, பிள்ளைகள், சுகம் எல்லாவற்றையும் இழந்த யோபு தன் பேரில் உள்ள புத்தகத்தில் அதிகாரம் அதிகாரமாகப் புலம்பினார், பிறந்த நாளையே சபித்தார், கடைசியில் 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவருக்குப் புத்தி சொல்ல வந்த சிநேகிதர்கள்மேல்தான்.

யோபுவின் கதைக்கு நம் ஊரில் ஒரு தனி இடம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை சொத்து நஷ்டத்தில் மனம் ஒடிந்திருந்த நேரத்தில், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்கப்புறமாவது வாழ்க்கை லேசானதா என்றால் இல்லை, சிறை, சித்திரவதை, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. விசுவாசித்தால் கஷ்டம் போய்விடும் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

சரி, புலம்பக்கூட வார்த்தை வராத நாட்கள் இருக்குமே, அப்போது என்ன செய்வது? மற்றவர்கள் எழுதி வைத்ததைக் கடன் வாங்குங்கள். பரமண்டல ஜெபம், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் தெரிந்த ஒரு பாட்டின் முதல் கவி, ஜெபமாலை சொல்லிப் பழகியவர் என்றால் ஜெபமாலை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு "இயேசுவே, இரங்கும்" என்பதே முழு ஜெபம்தான். அதுவும் முடியவில்லையா, நம்பிக்கையான ரெண்டு பேருக்கு போன் போட்டு "என்னால் ஜெபிக்க முடியவில்லை, நீங்கள் ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள், இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". கட்டிலில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக எழுதியிருக்கவில்லை.

சாப்பாடும் தூக்கமும் ரொம்ப முக்கியம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். உடம்பு ஓய்ந்து கிடக்கும்போது உபவாசம் வேண்டாம், யாராவது ஒரு ராத்திரி மாற்றி உட்கார வருகிறேன் என்றால் "பரவாயில்லை" என்று சொல்லாமல் சரி என்று சொல்லுங்கள். எலியா மாதிரி சாவைப் பற்றியே நினைப்பு ஓடினால் மறைக்காதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். இது விசுவாசக் குறைச்சல் இல்லை.

மாத்திரையும் அப்படித்தான். அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடேயே விட்டுவிட்டு வந்தார். பவுலுக்கே அப்படி. யாரோ தீர்க்கதரிசனம் சொன்னார்கள் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும், காணிக்கை போட்டால் கடன் அடையும் என்று இருக்கிற ஒரு வளையலையும் அடகு வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் தனிப் பிரச்சினை. கட்டிலைச் சுற்றி நின்று, கையில் ஆப்பிள் பையோடு, "ஏதாவது பொருத்தனையை மறந்துட்டீங்களா, யோசிச்சுப் பாருங்க" என்பார்கள். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்களும் யார் செய்த பாவம் என்று கேட்டார்கள், இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. இதை விவாதமாக்க வேண்டாம், "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போங்க அண்ணாச்சி, அவர் தூங்கணும்" என்று சொன்னால் போதும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயே திறக்காமல் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

புது வருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கு என்று எடுத்த வேத வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை பலருக்குப் பெரிய முள். ஜனவரியில் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று எரேமியா 29:11 வந்திருக்கும், மார்ச்சில் வேலை போயிருக்கும். அட்டையைக் கிழிக்க வேண்டாம், அந்த அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது, 5ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அதாவது நிலைமை மாறாமல் இருக்கும்போதே இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யச் சொல்கிறார்.

கோயிலுக்குப் போவதை விடாதீர்கள், ஆனால் போகிற விதத்தை மாற்றிக்கொள்ளலாம். மற்றவருக்குச் சுகம் கிடைத்த சாட்சியைக் கேட்கும்போது நம் வீட்டுக் கட்டில் கண்முன் வரும், நெஞ்சு அடைக்கும். கடைசி பெஞ்சில் உட்காருங்கள், முடியாவிட்டால் எழுந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திருவிருந்துக்கு உள்ளே வாருங்கள். சபை ஐயரிடமோ ஃபாதரிடமோ முன்னாலேயே விஷயத்தைச் சொல்லி வைத்தால் அவரே கேட்பவர்களைச் சமாளித்துக்கொள்வார்.

அப்புறம், வீட்டில் ஒரு சாவு நடந்து வருகிற முதல் கிறிஸ்மஸ். ஸ்டார் கட்டுவதா, பலகாரம் சுடுவதா என்பதை டிசம்பர் பிறக்கும் முன்னாலேயே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், பிள்ளைகளையும் கேளுங்கள். கேரல் குழுவைத் தடுக்க வேண்டாம், டிரம்ஸ் இல்லாமல் ஒரு பாட்டு பாடி ஜெபம் பண்ணிவிட்டுப் போகச் சொன்னால் பையன்கள் கேட்பார்கள்.