வளையம் புதுசு, சத்தம் பழசு

டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டில் முதல்முறையாக நானே என் வண்டியின் கியர்பாக்ஸைப் பிரித்தேன். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் மூன்றாம் கியருக்கு இறக்கினால் கர்ர் என்று பல் உரசும். கிளட்ச் கேபிளைச் சரிசெய்தேன், ஜிஎல்-4 ரக கியர் ஆயில் மாற்றினேன். கியர் மாற்றும்போது கூம்பைக் கவ்வி வேகத்தைச் சமமாக்கும் சின்க்ரோ வளையத்தையும் பித்தளையில் புதுசாகப் போட்டு மாட்டினேன், அதே சத்தம்! நான்கு நாள் போச்சு.

சரி என்று கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் வளையத்துக்கும் கியருக்கும் உள்ள இடைவெளி சரியாகவே இருந்தது. ஆனால் வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்திக் கையால் திருகினால் கவ்வாமல் வழுக்கியது. கூம்பு கண்ணாடிபோல் மின்னியது. அதுதான் கோளாறு. வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, பழைய வளையத்தை வைத்துத் தேய்த்தேன், பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகும்வரை. பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) இரண்டு முறை கழுவினேன்; துகள் தங்கினால் பேரிங் போய்விடும். புது வளையம் இப்போது கப்பென்று பிடித்தது.

நேற்று அதே இறக்கம். சத்தமே இல்லை, அப்பாடா!