சமாதானப் பேச்சு என்றதும் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு நாடுகள் போரை நிறுத்தப் பேசப்போகின்றன என்று செய்தி வந்ததும் நம் வடாற்காட்டுப் பக்கத்தில் மூன்று தரப்பினர் உடனே கணக்குப் போடத் தொடங்குவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதியாளர்கள் ஒரு தரப்பு. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொரு தரப்பு. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர்க்காரர்கள் மூன்றாவது. இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிசகுகிறது. யார் யாரோடு கைகுலுக்கினார் என்று பார்க்கிறோம்; எதை, எந்த வரிசையில், எத்தனை நாளுக்குள் செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று பார்ப்பதில்லை.

பேச்சு தொடங்கினால் சண்டை தணியும் என்பது முதல் தப்புக் கணக்கு. கொரியப் போரில் 1951 ஜூலை 10 அன்று கேசாங்கில் பேச உட்கார்ந்தார்கள். பன்முன்ஜோமில் கையெழுத்தானது 1953 ஜூலை 27-ல். இடைப்பட்ட இரண்டு ஆண்டும் ஒவ்வொரு குன்றுக்கும் சண்டை நடந்தது. கடைசி வாரங்களில்கூட சீனப் படை பெரிய தாக்குதல் நடத்தியது. காரணம் எளிது. படைகள் நிற்கும் இடத்தை வைத்துத்தான் கோடு போடப்போகிறார்கள் என்றால், கையெழுத்துக்கு முன் இன்னும் ஒரு குன்றைப் பிடித்துவிடத்தானே இரு தரப்பும் பார்க்கும்? ஆகவே பேச்சு நடக்கும்போது குண்டுவீச்சு கூடினால், பேச்சு முறிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே நிஜமாகவே முட்டுக்கட்டை போட்டது வேறு விஷயம்: ஊர் திரும்ப விரும்பாத போர்க்கைதிகளைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதா, வேண்டாமா என்ற கேள்வி. அது ஒன்றே ஓராண்டுக்கு மேல் இழுத்தது.

எல்லா உடன்பாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது அடுத்த தவறு. 2025 மே 10 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தியது, ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் தொலைபேசியில் பேசி எட்டிய புரிதல். துப்பாக்கியை நிறுத்த அது போதும். அரசியல் சிக்கல் எதையும் அது தீர்க்கவில்லை, சிந்து நதி ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்ட நிலையிலேயே இருந்தது. கொரியாவில் 1953-ல் வந்தது படைத்தளபதிகளின் ஒப்பந்தம்; சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. முழுச் சமாதானம் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு எகிப்தையும் இஸ்ரேலையும் பாருங்கள். 1973 அக்டோபரில் போர், 1974 ஜனவரியில் படை விலக்கல், 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் பேச்சு, 1979 மார்ச் 26-ல் ஒப்பந்தம். எகிப்தின் சினாயிலிருந்து இஸ்ரேல் ஏறக்குறைய முழுதாக வெளியேறியது 1982 ஏப்ரலில். கேம்ப் டேவிட்டின் பதின்மூன்று நாளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாம் மைசூர்ப் போரை முடித்த மங்களூர் உடன்படிக்கை, 1784 மார்ச் 11-ல் திப்பு சுல்தானும் ஆங்கிலேயரும் செய்தது. அன்று 'கர்நாடகம்' எனப்பட்ட ஆற்காடு நவாபின் சீமையில் பிடித்த இடங்களை எல்லாம் முப்பது நாளில் திப்பு காலி செய்ய வேண்டும், இரண்டு கோட்டைகள் மட்டும் விலக்கு. ஒன்று ஆம்பூர் மலைக்கோட்டை, மற்றது பேர்ணாம்பட்டுப் பக்கத்து சாத்கர். ஆங்கிலேயர் தங்கள் பங்குக்குக் கண்ணூரை விடாமல் கையில் வைத்துக்கொண்டார்கள். கைதிகள் எல்லோரும் விடுவிக்கப்பட்ட பிறகு கண்ணூர் அதன் அரசியான அலி ராஜா பீவியிடம் திரும்பும், அதே வேளையில் ஆம்பூரும் சாத்கரும் ஆங்கிலேயர் பக்கம் வரும். கிரயத்தில் பணமும் பத்திரமும் ஒரே நேரத்தில் கைமாறுகிற மாதிரி. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். இன்றைய உடன்பாடுகளிலும் தேட வேண்டியது இந்த இடத்தைத்தான். "படை விலகும்" என்று மட்டும் இருந்து, எதற்குப் பதிலாக, எந்தத் தேதிக்குள் என்று இல்லையென்றால் அந்தப் பத்தி வெறும் ஆசை. ஆனாலும் கைதிகள் பற்றிய புகார் மங்களூருக்குப் பிறகும் ஓயவில்லை, ஆறே ஆண்டில் அடுத்த போர் வந்தது.

யார் கண்காணிப்பது, மீறினால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்காமல் விடக் கூடாது. எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் 2000 டிசம்பரில் அல்ஜியர்ஸில் கையெழுத்திட்டன. எல்லை ஆணையத்தின் தீர்ப்பே இறுதி என்று இருவரும் ஏற்றார்கள். 2002 ஏப்ரலில் வந்த தீர்ப்பின்படி, சண்டைக்குக் காரணமான பாத்மே என்ற எல்லை ஊர் எரித்திரியாவுக்கு. எத்தியோப்பியப் படை நகரவில்லை. நகர்த்த யாரும் இல்லை. 2018 வரை இரு நாடும் முறைத்துக்கொண்டே நின்றன.

சின்ன உடன்பாட்டைப் பெரிய சமாதானத்தின் முன்னோட்டமாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. போருக்கு நடுவே உக்ரைன் தானியம் கப்பலில் போக வழிவிட்ட கருங்கடல் தானிய ஒப்பந்தம் 2022 ஜூலை 22-ல் இஸ்தான்புல்லில் கையெழுத்தானது. உக்ரைனும் ரஷ்யாவும் ஒன்றோடொன்று கையெழுத்திடவே இல்லை; துருக்கியோடும் ஐ.நா.வோடும் தனித்தனியாக இட்டன. முதல் தவணை 120 நாள். 2023 ஜூலை 17-ல் ரஷ்யா விலக, முடிந்தது. 2025 மே 16-ல் அதே நகரில் தரப்புக்கு ஆயிரம் கைதிகளைப் பரிமாற ஒப்புக்கொண்டார்கள், செய்தும் முடித்தார்கள், சண்டை நிற்கவில்லை.

இனி நடைமுறைக்கு. சரக்கு அனுப்புகிறவர்கள் செய்தியைப் பார்த்து விலை பேசக் கூடாது. சரக்குக் காப்பீட்டின் போர் அபாயப் பிரிவு பொதுவாகச் சரக்கு கப்பலில் இருக்கும் வரைதான் பொருந்தும். துறைமுகக் கிடங்கில் கிடக்கும்போது பொருந்தாது. காப்பீட்டு நிறுவனம் ஏழு நாள் அறிவிப்பில் அதை ரத்து செய்யவும் முடியும். லண்டன் காப்பீட்டாளர்கள் வைத்திருக்கும் ஆபத்துக் கடற்பகுதிப் பட்டியல் கையெழுத்தான மறுநாளே சுருங்காது. ஆர்டர் ஏற்கும் முன், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பு தரும் மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் அந்த நாட்டுக்கும் அந்த வாங்குபவருக்கும் காப்பு வரம்பு இப்போது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் வரும் வங்கி பொருளாதாரத் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் வங்கியைக் கேளுங்கள். போர் நின்றாலும் தடை தானாக விலகாது, அதற்குத் தனி உத்தரவு வேண்டும்.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப நினைக்கும் பெற்றோர் வான்வெளியைக் கவனிக்கலாம். 2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ சுற்றுப் பேச்சு நடந்தும் அது திறக்கவில்லை. ஏஜென்ட் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொன்னால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் பயண அறிவுரை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.