வில்லனின் வேரை வெட்டாதீர்கள்

திருவட்டார் கோயில் திருவிழாக் கதகளியில் வில்லன்களுக்கான கத்தி வேடத்தைக் கிட்ட நின்று பாருங்கள். ராவணனுக்கும் துரியோதனனுக்கும் முகத்தில் இருப்பது நாயகனுக்குள்ள அதே பச்சைதான். அந்தப் பச்சைக்கு நடுவில், வெள்ளைக் கரையிட்டு, கத்தி வடிவில் சிவப்பு. ஊர் மேடைகளில் சோக நாடகம் போடும் புதுக் குழுக்கள் வில்லனுக்குக் கெடுதல் என்னும் சிவப்பை மட்டும் பூசிவிட்டு, அவனும் நம்மைப் போன்ற மனிதன் என்னும் பச்சையை மறந்துவிடுகிறார்கள். வசனம் மறப்பது, மீசை கழல்வதெல்லாம் நாலு ஒத்திகையில் சரியாகிவிடும். இது ஆகாது.

நேரமில்லை என்று வேர்க்காட்சியை வெட்டுவது

ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தைச் சுருக்க உட்கார்ந்தால் முதல் அங்கத்தின் நாலாம் காட்சிதான் முதலில் போகும். சண்டை இல்லை, சூனியக்காரிகள் இல்லை, வெறும் அரசவைப் பேச்சு. 60 வரிகூட வராத அந்தக் காட்சியை வெட்டுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

மூன்றாம் காட்சியில் அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொல்லக் கேட்டதுமே மெக்பெத்துக்குக் கொலை நினைப்பு வருகிறது. வந்ததும் நடுங்குகிறான். முடி தானாக வருவதானால் வரட்டும் என்று ஒதுக்கியும் விடுகிறான். நாலாம் காட்சியில் மன்னர் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கிறார். போரில் ஜெயித்துக் கொடுத்த மெக்பெத்தோ பக்கத்திலேயே நிற்கிறான். தானாக வரும் வழி அங்கே அடைபடுகிறது. இந்தப் படியில் இடறி விழணும், இல்லை தாண்டணும் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். பேராசைக்கு வேர் விடும் இடம் இதுதான். இதை வெட்டிய ஒரு மேடையில் கொலைக்கு முன் கண்முன் குத்துவாள் தெரிவதாக அவன் தனியே பேசும் இடத்தில் கூட்டம் சிரித்தது. அவன் எதற்குத் தவிக்கிறான் என்றே அவர்களுக்குப் புரியவில்லை.

டங்கனும் மால்கமும் நடுமேடையில் நிற்கட்டும். மெக்பெத் முன்னால், மைக்குக்குப் பக்கத்தில். அறிவிப்பு முடிந்ததும் எல்லாரும் மால்கமை வணங்க, இவன் மட்டும் மூன்று எண்ணும் நேரம் பிந்திக் குனியணும். இடியோசை வேண்டாம்.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்திலும் இதே வெட்டு விழும். தொடக்கத்திலேயே குளோஸ்டர் பிரபு, பின்னால் வில்லனாகப்போகும் தன் முறைதவறிப் பிறந்த மகன் எட்மண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவன் பிறந்த கதையை வேடிக்கையாகச் சொல்கிறார். சில வரிகள்தான், விடாதீர்கள். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுகிறவர்களும் யூதாசை 30 வெள்ளிக்காசில் தொடங்க வேண்டாம். பெத்தானியா ஊரில் 300 தெனாரியம் என்னும் ரோமக் காசு பெறும் தைலம் இயேசுவின் மேல் கொட்டப்பட்டபோது முணுமுணுத்தானே, அங்கே தொடங்குங்கள்.

வில்லன் சிரிப்பு

வேண்டாம்.

பழியை மனைவிமேல் போடுவது

மெக்பெத்துக்குக் கொலை நினைப்பு வருவது மூன்றாம் காட்சியில். சூனியக்காரிகள் சொன்னதை அவன் எழுதிய கடிதம் மனைவி கையில் இருப்பது ஐந்தாம் காட்சியில்தான்.

இயாகோவுக்கு ஒரே காரணம் கொடுப்பது

ஒத்தெல்லோ நாடகத்தின் வில்லன் இயாகோ, தனக்கு வரவேண்டிய பதவி காசியோ என்னும் இன்னொரு வீரனுக்குப் போனதையும் சொல்கிறான், தன் மனைவிமேல் உள்ள சந்தேகத்தையும் சொல்கிறான். இரண்டும் இருக்கட்டும். கடைசியில் அவன் சதியால் அழிந்த தளபதி ஒத்தெல்லோ காரணம் கேட்கும்போது, இனி ஒரு சொல்லும் பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அங்கே வாக்குமூல வசனம் எழுதிச் சேர்க்காதீர்கள்.